இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி என்னுடையதல்ல என்பதை முதலில் கண்டுபிடித்தது என் கன்னம்தான். தேர்தல் முடிந்து, அதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கிகளை அவரவர் திரும்ப வாங்கி வந்த மறுநாள் காலை அது. பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு. விடிந்தும் விடியாமலும் மரவள்ளிப் பாத்தியில் இறங்கிய பன்றிகள், வெயில் வந்தபிறகும் போக மனமில்லாமல் கிண்டிக்கொண்டிருந்தன. விரட்டத்தான் நமக்கு அனுமதி, கொல்ல இல்லை. அதனால் அவற்றுக்கு முன்னால் இருந்த மண்கரையைக் குறிவைத்துச் சுட்டேன். குறிவைத்த இடத்திலேயே மண் பெயர்ந்து விழுந்தது. பன்றிகள் ஓடின. நான் வழக்கம்போல் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். தடவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வலிக்கவே இல்லை.

அப்பாடா, கடைசியில் நமக்கும் கைவந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தோப்பில் நானும் நாயும்தான். பால் கொண்டுவந்தவரிடம், "இன்னைக்குக் குறி தப்பலவே" என்றேன். "அப்படியா" என்று பாலை ஊற்றிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு குழலைத் துடைப்பதற்காகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அதில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தேன். என் லைசென்ஸில் இருக்கும் நம்பர் அதுவல்ல. லைசென்ஸை எடுத்து இன்னொரு தடவை ஒத்துப்பார்த்தேன். அடுத்தவன் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் லைசென்ஸில் இருந்த துப்பாக்கி முன்பு என் அண்ணனுடையது. நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. பார்த்த இடங்கள் தட்டிப்போயின, பிறகு எனக்காகப் பெண் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அண்ணனுக்கும் பிள்ளைகள் இல்லை. அவன் போனபிறகு மதினி சுரண்டையில் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். தோப்பை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தனிக்கட்டைதானே, எங்கே இருந்தால் என்ன என்று அவர்கள் நினைத்ததில் தப்பும் இல்லை. தோப்போடு கிணறு, மோட்டார், நாய், துப்பாக்கி எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. லைசென்ஸை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். அதுவரை நான் சுட்டதெல்லாம் சின்ன வயதில் தீபாவளிக்கு வாங்கிய பொட்டுவெடித் துப்பாக்கியில்தான்.

போதாக்குறைக்கு நான் பீச்சாங்கைக்காரன். எழுதுவதைப் பள்ளிக்கூடத்தில் அடித்து வலது கைக்கு மாற்றினார்கள், சாப்பிடுவதை வீட்டில் மாற்றினார்கள். மற்ற எல்லாம் இடதுதான். துப்பாக்கியை எடுத்தால் அது என்னைக் கேட்காமலே இடது தோளுக்குப் போய்விடும். வலது கைக்காரர்கள் அறியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. தோளில் வைக்கிற மரக்கட்டையை நேராகச் செய்வதில்லை. வலது தோளில் வைப்பவனின் கண் குழலுக்கு நேரே வரவேண்டும் என்பதற்காக அதை வலப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி வளைத்திருப்பார்கள். அதையே இடது தோளில் வைத்தால் கட்டை கன்னத்து எலும்பின்மேல் ஏறி உட்காரும். கண்ணும் குழலுக்கு நேரே நிற்காது. சுட்டால் குறி இடப்பக்கம் போகும், அடி கன்னத்தில் விழும். அண்ணன் வலது கைக்காரன்.

கன்னம் நீலம் பாரித்துக் கிடந்த நாட்களில் டீக்கடைக்காரர் கேட்பார்: "யாரு அண்ணாச்சி அறஞ்சது? வீட்டுலதான் ஆளே இல்லியே." பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். விஷயத்தை விளக்கிச் சொன்னால், "மண்ணப் பாத்துச் சுடுததுக்கு அளவெடுத்துத் தைக்கணுமாக்கும்" என்பார். அவருக்குப் புரியவைக்க முடியாது. ஒரு வேலையைச் செய்யும் ஒவ்வொரு தடவையும் அறை வாங்குவது என்றால், அந்த வேலையைச் செய்யும்முன்பே உடம்பு சுருங்கிவிடுகிறது. விசையை இழுக்கும் நேரத்தில் என் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். பன்றிகளுக்கும் அது தெரிந்துவிட்டதோ என்னவோ, சத்தம் கேட்டு ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தன. மதினி போனில், "பேசாம அத ஒப்படச்சிட்டு தோப்பக் குத்தகைக்கு விட்டுட்டு இங்கன வந்துருங்க, ஒரு வாய் சோறு போட மாட்டமா" என்பார். அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குப் பயந்துதான் பொருந்துகிற துப்பாக்கி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். இந்தத் தோப்பில் தனியாக இருந்து சமாளிக்க முடியும் என்று காட்டாவிட்டால், இனி எனக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு சாவியும் இருக்காது.

திருநெல்வேலியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் இடது தோளில் வைத்து, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எல்லாம் அண்ணனுக்காகச் செய்தவையாகவே இருந்தன. "பீச்சாங்கைக்குன்னா தனியாச் செய்யச் சொல்லணும் சார். அதுக்கு ஆகுத செலவுக்கு, பன்னிக்கே ஒரு துண்டு நெலத்த எழுதி வச்சிரலாம்" என்றார். தென்காசியில் ஒரு தச்சரிடம் கட்டையைக் கொஞ்சம் இழைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். "இதத் தொட்டா போலீஸ் என்னத் தொடும், எடுத்துட்டுப் போயிருங்க" என்று கும்பிட்டார். வலது தோளுக்கு மாறிப் பார்த்தேன், வலது கண்ணில் எனக்குப் பார்வை மட்டு. கடைசியில் ஒரு பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டையில் ஒட்டினேன். அடி கொஞ்சம் குறைந்தது, குறி இன்னும் மோசமானது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது அங்கே எல்லோரும் சிரிப்பார்களே என்று அதையும் பிய்த்துப்போட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு துணை இருந்தது. மேற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேக்கரைத் திசையிலிருந்து எப்போதாவது ஒரு வெடிச்சத்தம் கேட்கும். யாருடைய தோப்பு, யார் சுடுகிறார் என்றெல்லாம் தெரியாது. சாரல் மூடி மலையே மறைந்துபோன சாயங்காலங்களில், குற்றாலத்தில் சீசனுக்கு வந்த கூட்டம் அருவியடியில் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், நான் இங்கே ஈர விறகை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டால், சரி, அங்கேயும் ஒருத்தன் இருக்கிறான் என்று ஒரு நிம்மதி வரும். சில நாள் அது கேட்காவிட்டால் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததும் உண்டு.

நம்பர் மாறியிருப்பதைக் கண்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்ததும் ஒரு கனத்த குரல், "அண்ணாச்சி, உங்க துப்பாக்கி என் கன்னத்தப் பேத்துட்டு" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் இருக்கவேண்டிய நேரத்தில், எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கும் அன்று காலையில் பன்றி வந்திருக்கிறது. அவரும் சுட்டுப்பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஸ்டேஷனில் கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

போனில் பேசிய பாயை ஸ்டேஷனில்தான் முதலில் பார்த்தேன். வடகரைக்காரர். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், இடது கன்னத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான நீலம். இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "நம்பரப் பாத்துத்தானே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்குனீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை. ஒரே மாதிரியான ரெட்டைக்குழல் துப்பாக்கிகள், ஒரே மேசைமேல் அடுத்தடுத்துக் கிடந்தவை. என்னுடையது இதுதான் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வயதைப் பார்த்துத் திட்டோடு விட்டுவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கிகளை மாற்றிக்கொள்ளும்போதுதான் பார்த்தேன், பாய் பேனாவை இடது கையில் பிடித்திருந்தார்.

"ஒங்கள அடிச்சு மாத்தலியா?" என்று கேட்டேன்.

"அடிச்சாங்க. நான் ஓடிட்டேன்" என்றார். "ஆனா சோறு சோத்துக் கையிலதான். அதுக்கு உம்மா விடல."

வெளியே வந்து டீ குடித்தோம். எதிரும் புதிருமாக இரண்டு பேரும் இடது கையில் கிளாஸைப் பிடித்திருந்தோம். மேக்கரைப் பக்கம் சுடுகிறவர் நீங்கள்தானா என்று நான் கேட்பதற்குமுன் அவர் கேட்டார்: "கெழக்க ஒரு ஆளு சுடுவாரு. சுட்டா ஒரு பறவகூடப் பறக்காது. அது நீங்கதானா?"

பாய் பாதி ஆயுசை ஷார்ஜாவில் கழித்தவர். அங்கே சம்பாதித்து மேக்கரையில் தோப்பு வாங்கினார், வடகரையில் மாடி வைத்து வீடு கட்டினார். ஊரோடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவர் மனைவி போய்விட்டார். மகன் ஒருவன், அவனும் ஷார்ஜாவில்தான். மாடி வீட்டில் அத்தனை அறைகளையும் பூட்டிவிட்டு, அவர் தோப்பில் மோட்டார் ஷெட்டை ஒட்டி ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். "வீட்டுல இருந்தா அவ எங்கியோ அடுப்படியில நிக்க மாதிரியே இருக்கு. இங்கன அவ வந்ததே கெடையாது, அதனால தேட மாட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். அவருடைய துப்பாக்கியைச் செங்கோட்டைக்கு அந்தப்புறம் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து முறைப்படி வாங்கியிருந்தார். அந்த எஸ்டேட்காரரும் பீச்சாங்கை. கட்டையை இடது தோளுக்காகவே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கியது அது. அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். அன்று காலை என் தோளில் அது உட்கார்ந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் அதைத் தொட என்னை விட்டதில்லை. லைசென்ஸ் இல்லாதவன் தொடக்கூடாது என்பதில் பாய் கறார். "ஒரு தடவ கெடச்சதே படச்சவன் புண்ணியம்" என்பார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. யார் தோப்பில் வெடிச்சத்தம் கேட்டாலும் மற்றவர் போன் செய்வார். "என்ன, பன்னியா?" "பன்னிதான்." "எத்தன?" "குடும்பத்தோட வந்துருக்கு. நம்மளப் போல ஒத்தையில வருமா அது?" இவ்வளவுதான் பேச்சு. சில நாள் பன்றியே வராது. அப்போது, ஏன் சத்தமே இல்லை என்று கேட்டுப் போன் வரும். மழை ஓய்ந்து, கூட்டமெல்லாம் ஊர் திரும்பி, அருவியில் தண்ணீர் நூலாகிவிட்ட மாதங்களில் இரண்டு பேரும் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போவோம். கடைகள் பாதி சாத்திக் கிடக்கும். நனைந்தும் நனையாமலும் பாறையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு திரும்புவோம். போகும்போதும் வரும்போதும் அதிகம் பேசியதில்லை. பக்கத்து இருக்கையில் தெரிந்த ஆள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் பாய் மோட்டார் ஷெட் படியில் வழுக்கி விழுந்தார். நான் அன்று சுரண்டைக்குப் போயிருந்தேன். தேங்காய் பறிக்க வந்தவர்கள் பார்க்கும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறியவில்லை, ஆனால் மகன் லீவு போட்டு ஓடிவந்துவிட்டான். பொறுப்பான பையன், தகப்பன்மேல் உயிர். அப்பாவைக் கையோடு ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். பாய் என்னிடம், "பாதி ஆயுச அங்கன போட்டுத்தான் இங்கன ஒரு தோப்பு வாங்குனேன். இப்ப தோப்ப விட்டுட்டு மறுபடியும் அங்கியா?" என்று கேட்டார். அவனிடம் அப்படிக் கேட்கவில்லை. அவனிடம் துப்பாக்கியைச் சாக்காகச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல ஒப்படச்சிருவோம் வாப்பா" என்றான் அவன்.

"அது எரும மாடா, பவுண்டுப் பட்டியில அடைக்க? பொருந்துத ஆளு கையில குடுத்துட்டுத்தான் நான் பிளேன் ஏறுவேன். பீச்சாங்கை லைசென்ஸ்காரன் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஆளுதான்" என்று சொல்லி என்னைக் கைகாட்டினார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, எப்படியாவது அத ஒங்க பேருக்கு மாத்திக்கிடுங்க மாமா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்." நான் அத்தனை நாள் ஏங்கிய துப்பாக்கி எனக்கு வரப்போகிறது, அது வந்துவிட்டால் பாய் போய்விடுவார். இதைப் புரிந்துகொள்ள அன்றைக்கு எனக்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

மகன் வேலைக்குத் திரும்பிப் போனான். நாங்கள் இரண்டு பேரும் தென்காசியில் உள்ள கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போனோம். ஆயுதப் பிரிவில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், சுறுசுறுப்பானவள். முதல் தடவை நான் உண்மையிலேயே போட்டோ கொண்டுபோக மறந்துவிட்டேன். "அடுத்த வாரம் வாங்க சார்" என்றாள். வெளியே வந்ததும் பாய் என் தோளைத் தட்டினார், கோபமாக இல்லை. இரண்டாம் தடவை பாய் ஆதார் நகலில் கையெழுத்துப் போடாமல் கொண்டுவந்தார். அடுத்த தடவை நான் கொண்டுபோன மருத்துவச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லை. டாக்டரிடம் இன்னொரு தடவை குத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கடுத்த தடவை பாய் தொப்பி வைத்த போட்டோ, தொப்பி இல்லாத போட்டோ இரண்டையும் நீட்டி, எது வேண்டும் என்று கேட்டு, இரண்டுமே அளவு தப்பு என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இதைப்பற்றி நாங்கள் ஒருவார்த்தை பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும், தெரியும் என்பதும் தெரியும். வேலை முடியாமல் வெளியே வரும்போது இரண்டு பேர் முகத்திலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட களை இருக்கும். நேரே பெரிய கோயில் பக்கம் நடப்போம். கோபுரவாசலில் எந்த நேரமும் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வரும், தென்காசிக்காரர்களுக்கு அது பெருமை. பாய் தெருவோரமாகவே நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்வார். "உள்ள போறவங்களுக்குச் சாமி, நமக்குக் காத்து" என்பார். பிறகு வாழைக்காய் பஜ்ஜி, டீ. ஷார்ஜாவிலிருந்து போன் வரும். "இன்னும் கையெழுத்து ஆகலப்பா. கவர்மெண்டு வேல, ஒனக்குத் தெரியாததா?" என்று பாய் அலுத்துக்கொள்கிற குரலில் சொல்லுவார், சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு பஜ்ஜியைத் தள்ளுவார். என் வாழ்க்கையில் நான் ஒரு காரியம் முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

ஒரு சாரல் நாளில் போனபோது அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "உக்காருங்க சார். வயசான காலத்துல ரெண்டு பேரும் மழையில அலையுதீங்க, எனக்கே மனசு கேக்கல. அந்த டாக்டர்கிட்ட நானே பேசி சரி பண்ணிட்டேன். போட்டோவும் பழைய ஃபைல்ல இருந்ததையே வச்சிட்டேன். நேத்தே கையெழுத்தும் ஆயிட்டு. இனி வரவேண்டாம் சார், சந்தோஷமா?" என்று கேட்டு உத்தரவை நீட்டினாள். அவள் எங்களுக்குச் செய்தது சாதாரண உதவியில்லை. எந்த அலுவலகத்தில் எந்தப் பெண் யாருக்காக இப்படி மெனக்கெடுவாள்? பாய் அவளை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருப்ப தாயி" என்றார். உத்தரவை வாங்க அவர் கை நீளவில்லை, நான்தான் வாங்கினேன். அன்று கோபுரவாசல் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் ஏறி அவரவர் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டோம்.

இப்போது அந்தத் துப்பாக்கி என் பீரோவில் இருக்கிறது. அண்ணனுடையதைத் திருநெல்வேலிக் கடையில் ஒப்படைத்துவிட்டேன். கன்னத்தில் அடிபடுவதில்லை. பன்றிகள் பயப்படுகின்றன. டீக்கடைக்காரருக்கு என்னைக் கிண்டல் செய்யக் காரணம் இல்லாமல் போய்விட்டது. மதினியும் சுரண்டைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் தேடியது எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். பாய் வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும். "எங்க வீடு எத்தனாவது மாடின்னு கேளுங்க அண்ணாச்சி, கீழ பாத்தா மனுசன் தெரியல" என்பார். இப்போது முன்னைப்போல அடிக்கடி போன் வருவதில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று மகன் சொல்கிறான். மேக்கரைத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பன்றிக்குப் பட்டாசு போடுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் போனை எடுத்துவிட்டு, பிறகு கீழே வைத்துவிடுகிறேன்.

துப்பாக்கி கைமாறிய அந்த நாளைப்பற்றித்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டேஷன் முற்றத்தில் வேப்பமரத்தடியில் வைத்து எழுத்துவேலை முடிந்தது. பக்கத்தில் திருவனந்தபுரம் போவதற்கு வாடகைக் கார் நின்றது. அவரைக் கூட்டிப்போக மறுபடி வந்திருந்த மகன், பெட்டிகளை ஏற்றிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் கொஞ்சம் நொண்டியபடி வந்து, துப்பாக்கியை எடுத்து, மடித்துக் குழல் காலியாக இருக்கிறதா என்று பார்த்து என்னிடம் நீட்டினார்.

"இனி நீங்க தொடலாம். ஒரு தடவ தோள்ல வச்சுப் பாருங்க. பொருந்துதா சொல்லுங்க" என்றார்.

ஏட்டு தலையசைத்தார். நான் இடது தோளில் வைத்தேன். கட்டை கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. கண் தானாகக் குழலுக்கு நேரே போய் நின்றது. கழுத்தைத் திருப்பவேண்டியிருக்கவில்லை, தோளைக் குறுக்கவேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பேனா, கதவு, கத்தரிக்கோல் என்று எதை எடுத்தாலும் உடம்பை வளைத்துக்கொடுத்தே பழகியவனுக்கு, வளைய வேண்டாம் என்று ஒரு பொருள் சொன்னால் எப்படி இருக்கும்? மரத்தின் உச்சிக் கிளையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

"எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு பாய்" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் என் காதிலேயே விழுந்தது.

பாய் காரைப் பார்த்து நடந்தார். மகன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்க் காரின் கதவைத் திறந்தான். பாய் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவன் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்.

"பொருந்தலன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

நான் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினேன். அதற்குள் மகன் கதவைச் சாத்திவிட்டான்.